பச்சை மூடி

முதல் நாளே என்னோடு சண்டைக்கு வந்தவள் அவள். மருத்துவமனையின் இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நான் அப்போது மூத்த டெக்னீஷியன். வேலை முடிந்த டியூப்களை மஞ்சள் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தேன். ஐஸ் பெட்டியும் கையுமாகக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்த ஒரு பெண், ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல், "அண்ணே, நிறுத்துங்க! அதுல எலும்பு மஜ்ஜை ஏதாச்சும் இருக்கா?" என்றாள்.

"வேலை முடிஞ்சிருச்சும்மா. இது குப்பை."

"யாருக்கு முடிஞ்சிருச்சு?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்த மேசையில் இருபத்தாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். நேற்று வந்த பெண் என்னைக் கேள்வி கேட்கிறாள். அவளோ என் கோபத்தைக் கண்டுகொள்ளவே இல்லை. பெரிய டாக்டர் கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினாள். இரத்தப் புற்றுநோய்க்காரர்கள் ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள், சோதனைக்கு எடுத்தது போக மிஞ்சும் மஜ்ஜையை ஆராய்ச்சிக்குத் தர வேண்டும் என்று அதில் இருந்தது. மேல் மாடி ஆய்வுப் பிரிவில் அவளுக்கு மூன்று வருஷ ஒப்பந்த வேலை. இரண்டு டியூப் கொடுத்தேன். போனவள் இரண்டு நிமிஷத்தில் திரும்பி வந்து, "இது எவ்ளோ நேரமா வெளிய இருக்கு?" என்றாள். மறுபடி போனாள், மறுபடி வந்தாள். அன்றைக்கு மட்டும் ஐந்து தடவை. மறுநாள் காலையில் என் மேசைமேல் ஒரு டப்பா பிஸ்கட் இருந்தது.

அவள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது கேள்விப்பட்டு, மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

காலில் சக்கரம் கட்டியவள் என்று சொல்வோமே, அதற்கு அவள்தான் அசல். கடலுக்கு அக்கரையில், பாகான் டாலாமில் வீடு. மோட்டாரை ஃபெரியில் ஏற்றிக்கொண்டு தினமும் மருத்துவமனை இருக்கும் தீவுக்கு வருவாள். அக்கரையில் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய ஒரு காலையில் நானும் அவளோடு வந்தேன். எல்லோரும் காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவள் மட்டும் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தாள். பார்க்கிற எனக்குத் தலை சுற்றியது.

"உக்காரும்மா. நீ நடந்தா கப்பல் சீக்கிரம் போயிடுமா?"

"தெரியல அண்ணே. நடக்காம இருந்து பாத்ததில்ல."

தான் சும்மா இருக்கமாட்டாள் என்பது ஒரு பக்கம். உலகத்தில் எதுவும் சும்மா இருக்கிறது என்பதையும் அவள் ஒத்துக்கொள்ளமாட்டாள். "சும்மா" என்ற சொல்லை அவள் முன்னால் சொல்லிவிட்டு யாரும் தப்பியதில்லை. மருத்துவமனை வாசலில் தினமும் நிற்கும் ஆள் சும்மா நிற்கிறான் என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். போய் விசாரித்துவிட்டு வந்தாள். பார்க்கிங் கிடைக்காதவர்களுக்கு இடம் காட்டுகிறானாம். அதற்கு என்னைக் கால் மணி நேரம் பிடித்துக்கொண்டாள்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலைப் பக்கம் நாங்கள் மத்தியானம் போகிற ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடை. அங்கே மூலை மேசையில் ஒரு பெரியவர் எப்போதும் பாலில்லாத தேநீர், தே ஓ ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சமைக்கமாட்டார், பரிமாறமாட்டார், கல்லாவிலும் இருக்கமாட்டார். முதலாளிக்கு மாமா முறையாக இருக்கும், சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எழுந்து நேரே அவரிடம் போய்விட்டாள்.

"அத்தா, நீங்க இங்க என்னா வேலை செய்றீங்க?"

பெரியவர் சிரித்தார். "எனக்கென்னா வேலைமா, உக்காந்திருக்கேன்."

அவள் விடவில்லை. இரண்டு வாரம் அவரையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டாள். பிறகு கண் அறுவைக்காகப் பெரியவர் ஒரு வாரம் கடைக்கு வரவில்லை. அந்த வாரம் கடை சந்தி சிரித்தது. சோறு மலைபோல் மிஞ்சியது, மீன் தலைக் குழம்பு அடிபிடித்தது, கோழி பொரித்துக்கொண்டே இருந்தார்கள். புதிதாக வந்த பையன்களுக்கு வேலையே பிடிபடவில்லை, ஆனால் ஆள் மட்டும் கூடிக்கொண்டே போனது. எனக்குத் தட்டில் இருந்தது இறங்கவில்லை. அவளுக்கோ அப்படி ஒரு சந்தோஷம்.

"பாத்தீங்களா! அவரு எதுவும் செய்றதில்ல. அங்க உக்காந்து 'போதும்'னு கை காட்டுவாரு, அவ்ளோதான். அந்தக் கை இல்லன்னா கடை இப்டித்தான். இதுதான் அண்ணே என் வேலை. இதத்தான் மேல உக்காந்து தேடிட்டிருக்கேன்."

உட்கார்ந்து என்று சொன்னதை நான் நம்பவில்லை. ஆனால் அவள் படிப்பு எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான். செல்லுக்குள் மரபணுவைப் படியெடுத்து ஆர்.என்.ஏ உண்டாகிறது. அதில் ஒரு பகுதி புரதம் செய்யச் சொல்லும் தாக்கீது. பெரும்பகுதி எந்தப் புரதத்தையும் செய்வதில்லை. வெகுகாலம் அதைக் குப்பை என்றே நினைத்திருந்தார்கள். அந்தக் குப்பையில் சில பொடிப்பொடி ஆர்.என்.ஏக்கள் தாக்கீதின்மேல் போய் ஒட்டிக்கொண்டு "போதும்" என்று நிறுத்துகின்றன. மஜ்ஜையில் பிறக்கிற வெள்ளணு வளர்ந்து, முதிர்ந்து, பெருகுவதை நிறுத்திக்கொள்ள வேண்டும். நிறுத்தச் சொல்கிற கை போய்விட்டால் முதிராத அணுக்கள் வேலையும் தெரியாமல் பெருகி மஜ்ஜையை அடைத்துக்கொள்ளும். இரத்தப் புற்றுநோய் வருகிற வழிகளில் அது ஒன்று. "எல்லாமே நல்லவங்கன்னு நெனைக்காதீங்க, செலது தூண்டி விடுறதும் இருக்கு" என்றும் சொன்னாள். எனக்கு அந்தக் குழம்பு வாசனையோடுதான் இதெல்லாம் நினைவிருக்கிறது.

அவள் தேடியது அப்படி ஒரு பொடி ஆர்.என்.ஏவை. அதற்குப் பெயர்கூடக் கிடையாது, ஓர் எண்தான். நோய் குணமானவர்களில் யாருக்கு அது குறைகிறதோ அவர்களுக்கு நோய் திரும்பும் என்பது அவள் சந்தேகம். அதை மெய்ப்பிக்க நோய் திரும்பியவர்களின் மஜ்ஜை வேண்டும். அது எளிதில் கிடைக்கவில்லை.

இங்கேதான் நான் வருகிறேன்.

மஜ்ஜை எடுக்கும்போது ஊதா மூடி டியூப்பில் கொஞ்சம், பச்சை மூடி டியூப்பில் கொஞ்சம் பிடிப்பார்கள். இரண்டிலும் உறையாமல் இருக்க மருந்து உண்டு, வேறுவேறு மருந்து. பச்சையில் இருப்பது ஹெப்பாரின். அது குரோமோசோம் பார்க்கிறவர்களுக்குப் போகும். அவளுக்கு ஊதாவில் மிஞ்சியது மட்டுமே தர வேண்டும் என்று அந்த முதல் நாள் தாளிலேயே எழுதியிருந்தது. படித்தேன். எதற்கு என்று கேட்கவில்லை. நோய் திரும்பியவர்களுக்கு டாக்டர்கள் சோதனைக்கு மேல் சோதனை எழுதுவார்கள், ஊதா டியூப் வழித்துத் துடைத்ததுபோல் ஆகிவிடும். அவள் காலி ஐஸ் பெட்டியை மூடிக்கொண்டு, "பரவால்ல அண்ணே" என்று படி ஏறுவாள். மூன்று தடவை பார்த்தேன். நாலாவது தடவை மனசு கேட்கவில்லை. பச்சையில் ஒரு மில்லி மிஞ்சியிருந்தது. அவளுடைய சின்னக் குப்பியில் ஊற்றி, எண் எழுதி, மூடி வைத்துவிட்டேன். ஒரே ஆளின் மஜ்ஜை, எந்த டியூப்பில் இருந்தால் என்ன என்று நினைத்தேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்தபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு ஊதா தீர்ந்தபோதெல்லாம் பச்சை. அவள் ஐஸ் கரைந்திருக்கிறதா என்று பார்ப்பாள், என் கையெழுத்தைப் பார்ப்பாள், பூட்டிய குளிர்பெட்டியைப் படி இறங்கி வந்து மறுபடி பூட்டிப் பார்ப்பாள். குப்பி எல்லாமே வெள்ளை மூடி. அதைப் பார்த்து எந்தக் கடவுளும் கண்டுபிடித்திருக்க முடியாது.

இரண்டாம் வருஷக் கடைசியில் ஒருநாள் அவள் படிகளில் ஓடி வரும் சத்தம் கேட்டது. நோய் திரும்பியவர்கள் எல்லோருக்கும் அந்த ஆர்.என்.ஏ சொல்லிவைத்தாற்போல் குறைந்திருந்தது. சந்தோஷப்படுவதை விட்டுவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். "இவ்ளோ சுத்தமா வரக்கூடாது அண்ணே. ஒப்பிட்டுப் பாக்குறதுக்கு, மாறவே கூடாத ஆர்.என்.ஏ ஒன்னு வச்சிருப்போம், அதுவும் லேசா எறங்கியிருக்கு." மறுபடி செய்தாள். மூன்று தடவையும் அதேதான் வந்தது. வராமல் என்ன செய்யும், குப்பி அதே குப்பிதானே. நோய் முற்றிய மஜ்ஜையில் அப்படி இறங்குவது உண்டு என்று ஆய்வுப் பிரிவின் தலைவரான பேராசிரியர் அவளைத் தேற்றினார்.

பாலிக் புலாவ்வில் பள்ளி வேன் ஓட்டும் ஒருவர் சோதனைக்கு வருவார். நோய் தணிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. கலகலப்பான மனிதர், வரும்போதெல்லாம் எங்களுக்கு ஜாதிக்காய் ஊறுகாய் கொண்டு வருவார். அவள் ஆராய்ச்சி அவர் காதுக்கும் எட்டிவிட்டது.

"ஏம்மா, என் நம்பரு கூடவா, கொறச்சலா? சொல்லிடும்மா. நான் ஒன்னும் பயப்படமாட்டேன் லா."

"சொல்லக்கூடாது அங்கிள். இது இன்னும் ஆராய்ச்சிதான்."

படியேறிப் போனவள் இறங்கி வந்தாள். "நெசமாவே சொல்லக்கூடாது அங்கிள்." மறுபடி போய், மறுபடி வந்து, ஊறுகாய்க்கு நன்றி சொன்னாள். அவர் போன பிறகு என்னிடம், "கொறச்சல் அண்ணே" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவருக்கு முந்தின தடவை எடுத்தபோது மஜ்ஜை கொஞ்சம்தான் வந்தது, பச்சையிலிருந்து ஊற்றியது நான்தான். அப்போது அது எனக்கு ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

பிறகு அந்த அறிவிப்பு வந்தது. மரபணுச் சோதனைகளுக்கு எந்த டியூப் ஏற்கப்படாது என்று ஒரு பட்டியல். ஜன்னலில் ஒட்டச் சொல்லி என் கையில் கொடுத்தார்கள். நாலு மூலையிலும் டேப் ஒட்டிவிட்டுப் படித்தேன். பச்சை மூடி, ஏற்கப்படாது. பக்கத்து மேசைச் சீனப் பெண்ணிடம் ஏன் என்று கேட்டேன். பல வருஷமாக எங்களோடு பழகி அவளுக்குத் தமிழ் ஓரளவு வரும்.

"பச்சை தா போலே லா, ஆகாது அங்கிள். ஹெப்பாரின் உள்ளயே நிக்கும். பிசிஆர், அந்த அளக்குற டெஸ்ட், ஓடாது. இருக்குறதும் இல்லாத மாதிரி காட்டும்."

இருக்கிறதும் இல்லாத மாதிரி காட்டும். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். நோய் திரும்பியவர்கள் எல்லோருக்கும் ஊற்றியது பச்சை. குணமாக இருப்பவர்களில் வேன்காரர்போல் ஒரு சிலரைத் தவிர மற்றவர்களுக்கு ஊதா. அவள் கண்டுபிடித்தது நோயை அல்ல, நான் ஊற்றியதை.

அன்று வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "நாளைக்கு மொத வேலையா சொல்லிடுங்க" என்றாள். சரி என்றேன்.

மறுநாள் அவள் மாடியிலிருந்து இறங்கி வரவில்லை, மேலே ஆய்வுக் கூட்டம் இருந்தது. அதற்கு மறுநாள் வந்தாள், பக்கத்தில் ஆள் இருந்தது. மூன்றாம் நாள் யாரும் இல்லை, அப்போதும் நான் சொல்லவில்லை. எனக்கு ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது. தாளில் எழுதியதை மீறி ஊற்றியிருக்கிறேன், விசாரணை வரும், பென்ஷன் என்ன ஆகுமோ என்று பயந்தேன். பயந்தேன் என்பதைத் தவிர இதற்கு வேறு நல்ல பெயர் இல்லை. சோறு இறங்கவில்லை. ஒரே டியூப்பை இரண்டு தடவை எண்ணினேன். நடக்கவே பிடிக்காத நான் மத்தியான வேளைகளில் மருத்துவமனையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் இறங்கி வரும் சத்தம் கேட்டால் கழிவறைக்குப் போய்விடுவேன்.

ஆறாம் நாள் கழிவறை வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். கையில் பொங்குஸ் சோற்றுப் பொட்டலம், எனக்கும் சேர்த்து வாங்கியிருந்தாள்.

"அண்ணே, ஒரு நியூஸ். கோலாலம்பூர்ல ஒரு லேப்ல வேலைக்குக் கூப்ட்டாங்கன்னு சொன்னேன்ல? நெரந்தர வேலை. வேணாம்னு இன்னைக்கு எழுதிட்டேன்."

"ஏம்மா?"

"இந்த ரிசல்ட் இருக்குல்ல! கான்ட்ராக்ட இன்னும் மூனு வருஷம் நீட்டுவாங்க. இத வுட்டுட்டு எங்க போறது?"

எழுதி எத்தனை மணி நேரம் ஆகிறது, திருப்பி வாங்க முடியுமா என்று கேட்டிருக்கலாம். அங்கேயே சொல்லியிருக்கலாம். "ஆமாம்மா" என்றேன். அவள் வாங்கி வந்த சோற்றைச் சாப்பிட்டேன். முட்டையும் வைத்துக் கட்டச் சொல்லியிருந்தாள்.

பதினோராம் நாள், பேராசிரியரின் திட்டம் ஒன்று கமிட்டிக்குப் போகிறது என்றாள். அந்த ஆர்.என்.ஏ அளவு குறைந்தவர்களுக்கு நோய் திரும்பும் முன்பே கூடுதலாக ஒரு சுற்றுப் புற்றுநோய் மருந்து கொடுத்துப் பார்ப்பதாம். முதல் பட்டியலில் ஐந்து பேர், வேன்காரர் அதில் இரண்டாவது. அந்த மருந்து ஓர் ஆளை என்ன பாடு படுத்தும் என்று நான் தினமும் நுண்ணோக்கிக் கண்ணாடித் தகட்டில் பார்க்கிறவன். நன்றாக இருக்கிற மனிதருக்கு, நான் ஊற்றிய ஒரு மில்லிக்காக, அது ஏறப்போகிறது.

ஐஸ் இயந்திரத்தின் அருகில் அவள் அள்ளிக்கொண்டிருந்தபோது சொன்னேன். ஒரே மூச்சில் சொன்னேன், இல்லாவிட்டால் முடித்திருக்கமாட்டேன். அவள் கையிலிருந்த கரண்டி நிற்கவில்லை. பெட்டி நிரம்பி ஐஸ் தரையில் விழுந்தது.

"எத்தன குப்பி?"

"எழுதி வைக்கலம்மா."

"எழுதி வைக்கலயா? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல அண்ணே! ஒரு வார்த்த!" கரண்டியை ஐஸ்மேல் போட்டாள். "எப்ப தெரிஞ்சுச்சு உங்களுக்கு?"

"நேத்து" என்றேன்.

என்னை ஒரு கணம் பார்த்தாள். "செரி" என்று சொல்லிவிட்டுப் படிகளில் ஏறினாள், ஒரு தடவைக்கு இரண்டிரண்டு படியாக.

பட்டியல் அன்றே நிறுத்தப்பட்டது. ஹெப்பாரினை உடைக்கும் என்சைம் ஒன்று உண்டாம். வேறொரு லேபில் கெஞ்சி வாங்கிவந்து, எல்லாக் குப்பிகளையும் முதலிலிருந்து செய்தாள். வேலை முடிந்ததும் நானும் மேலே போய் நிற்பேன். என்னைப் போகச் சொல்லவும் இல்லை, உட்காரச் சொல்லவும் இல்லை. மூன்றாம் வாரம் முடிவின் வரைபடம் வந்தது. உயர்ந்த கோடு, தாழ்ந்த கோடு என்று இரண்டாக நின்றவை ஒரே இடத்தில் வந்து சேர்ந்திருந்தன. வித்தியாசமே இல்லை. வேன்காரரின் அளவு யாருடைய அளவுக்கும் குறைந்ததாக இல்லை.

"நல்லவேள, அங்கிள்கிட்ட சொல்லல" என்றாள் முதலில். பிறகு சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுவது வெளியே கேட்டது. நான் வெளியே நின்று அழுதேன்.

பேராசிரியருக்கு அவள் எழுதிய கடிதத்தை எனக்குக் காட்டினாள். வந்த மாதிரிகள் எந்த டியூப்பில் எடுக்கப்பட்டவை என்று தான் சரிபார்க்கத் தவறிவிட்டதாக எழுதியிருந்தாள். கடிதத்தில் என் பெயரே இல்லை.

"ஏம்மா இப்டி? ஊத்துனது நான்."

"உங்களுக்கு ரெண்டு வருஷத்துல பென்ஷன். என் கான்ட்ராக்ட் எப்டியும் முடியப்போவுது. ரெண்டு பேரும் ஏன் போவணும்? வுடுங்க."

விட்டேன்.

ஒப்பந்தம் நீட்டப்படவில்லை. இப்போது அவள் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனை மேற்பார்வையாளர். எனக்குப் பென்ஷன் முழுசாக வந்தது. போன தீபாவளிக்கு, தெரிந்தவர்களையெல்லாம் வீட்டுக்கு அழைக்கும் திறந்த இல்ல உபசரிப்புக்குக் கட்டாயம் வர வேண்டும் என்று போன் மேல் போன். மனைவியும் நானும் ஃபெரி ஏறிப் போனோம். வீடு நிறையத் தொழிற்சாலை ஆட்கள். பலகாரத் தட்டோடு இங்கும் அங்கும் பறந்துகொண்டிருந்தவள், எங்களைப் பார்த்ததும் என் கையைப் பிடித்து நடுக்கூடத்துக்கு இழுத்துப் போனாள்.

"டேய், நான் டிரெய்னிங்ல சொல்வேன்ல, ஒரு அண்ணன்னு? இவருதான்!"

நாலைந்து இளவட்டங்கள் எழுந்து நின்று எனக்கு வணக்கம் சொன்னார்கள்.

"தப்பு தன்னோடதுன்னு தெரியுது. சொன்னா பென்ஷன் போயிடும். யாரும் கண்டுபிடிக்கவும் முடியாது. வேற யாரா இருந்தாலும் மறச்சிருப்பாங்க. இவரு தெரிஞ்ச மறுநாளே வந்து நின்னாரு. ஒரு நாளு வச்சிருக்க முடியல அவரால." என் பக்கம் திரும்பினாள். "இல்லண்ணே?"

மனைவி தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"முடியலம்மா" என்றேன்.